இரண்டாம் முறை ஜப்பான் போன தூள் போத்தல்

நேற்று ஜப்பானிலிருந்து டென்மார்க்கில் இக்காஸ்டுக்குத் திரும்பிப் பெட்டியைத் திறந்ததும் தூள் வாசம் எழுந்தது. நீ கொண்டுபோன அதே ஜாம் போத்தலில்தான் நானும் அம்மா வறுத்தரைத்த மிளகாய்த்தூளைக் கொண்டுபோயிருந்தேன். தூள் முடிந்துவிட்டது. இப்போது அதற்குள் கடற்பாசி சுற்றிய அரிசிப் பிஸ்கட்டுகள்.

ஜிம்னாசியப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்த நாளிலிருந்து ஜப்பான் எங்கள் இருவரின் பயணம். எந்தத் தெருவில் தக்கோயாக்கி உருண்டை, எந்தக் கடையில் நூடில்ஸ் என்று கொப்பி நிறைய எழுதிவைத்தோம். போகவேண்டிய வருடம் நான் புது வேலையில் சேர்ந்திருந்தேன், லீவு கிடைக்கவில்லை. "நீ போயிட்டு வா" என்றேன். போகமாட்டாய் என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ போனாய், உன்னோடு வேலைசெய்த சோபியோடு.

போவதற்கு முதல்நாள் வந்து, "இது இல்லாம ரெண்டு கிழமை உயிரோட இருக்கமாட்டன் அன்ரி" என்று அம்மாவிடம் தூள் வாங்கிக்கொண்டாய். பிறகு ஒவ்வொரு கிண்ணமாகப் படம் அனுப்பினாய். ஆறு மணித்தியாலம் கழித்து ஒரு பெருவிரல் குறியை மட்டும் அனுப்புவேன். ஒருநாள் கோல் எடுத்தாய்.

"எடியே, இஞ்ச எல்லாரும் சத்தம் போட்டு உறிஞ்சித்தான் சாப்பிடினம். என்ர அம்மா பாத்தா தலையில குட்டுவா!"

பின்னால் சோபி சிரிப்பது கேட்டது.

"வேலையில நிக்கிறன், பிறகு கதைக்கிறன்" என்றேன். சோபாவில் படுத்திருந்தேன்.

வந்த பிறகு எந்தப் பிறந்தநாள் வீட்டிலும் உன்னிடம் ஒரே கதை. நூடில்ஸில் நீ களவாகத் தூள் போட, கடைக்காரக் கிழவர் கண்டுவிட்டார். ஏச்சு விழப்போகிறது என்று நீ பயந்திருக்க, அவர் மணந்து பார்த்துவிட்டுத் தன் சின்னக் கிண்ணத்தை நீட்டினாராம். சோபி பக்கத்தில் நின்று தலையாட்டுவாள். நான் கோப்பை கழுவ எழும்பிவிடுவேன்.

வெறும் போத்தலைத் திருப்பிக் கொடுக்கக்கூடாதென்று அதில் அரிசிப் பிஸ்கட் நிரப்பிக் கொண்டுவந்தாய். நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. வேலையிடத்தில் வைத்துவிட்டேன், மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. "எப்பிடியிருந்தது?" என்று கேட்டாய். "நல்லாயிருந்தது" என்றேன்.

அடுத்த வருடம் நோய் உன்னைக் கொண்டுபோனது. செத்தவீட்டில் சோபி என்னைவிடக் கூட அழுதாள். அதற்கும் எனக்கு எரிச்சல் வந்தது.

இந்த முறை நான் தனியாகப் போய், நீ அனுப்பிய படங்களை வைத்துத்தான் அந்த நூடில்ஸ் கடையைக் கண்டுபிடித்தேன். வாசல் மெஷினில் காசு போட்டுச் சாப்பாட்டு ரிக்கற் எடுக்கவேண்டும், உள்ளே எட்டே கதிரைகள். கிண்ணம் வந்ததும் நான் ஒளிக்காமல் தூள் போத்தலைத் திறந்தேன். கிழவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு. சின்னக் கிண்ணத்தை நீட்டினார். பிறகு எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தார்.

அங்கே அவரும் உன்னைத்தான் தேடினார். ஒரு கணம் உன்மேல் பொல்லாத கோபம் வந்தது. பிறகு, இல்லையென்று தலையாட்டினேன். அவருக்கு விளங்கியது. கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி குனிந்து நின்றார். மிச்சத் தூள் முழுவதையும் அதில் கொட்டினேன். பிறகு என் நூடில்ஸைச் சத்தம் போட்டு உறிஞ்சினேன். கண்ணும் மூக்கும் வழிந்தன. தூள் உறைப்பென்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

திரும்பும்போது ஸ்டேஷன் கடையில் நீ வாங்கிய அதே பிஸ்கட்டை வாங்கிப் போத்தலை நிரப்பினேன். இப்போது ஒன்றைக் கடிக்கிறேன். போத்தலில் ஒட்டியிருந்த தூள் அதில் ஏறியிருக்கிறது. நல்லாயிருக்கிறதடி.

காலையில் சோபி எழுதியிருந்தாள்: அந்தக் கிழவர் இருந்தாரா? "இருந்தார்" என்று மட்டும் பதில் போடுவேன். அவர் கதவைப் பார்த்ததைச் சொல்லமாட்டேன். உன் கதையில் அவள் இருந்தாள். இதில் நீயும் நானும் மட்டும்.