ஐந்து முகங்களை மறைத்த பேனர்

பிப்ரவரி 12, வியாழன்
பனி நின்றுவிட்டது. பனி உருக வாசலில் உப்பு தூவியிருக்கிறார்கள், ஷூவெல்லாம் வெள்ளை. பிரஷர் மாத்திரை தீர்கிறது. மருமகள் ரம்யாவிடம் சொல்ல வேண்டும்.

இங்கே அமெரிக்காவில் பிப்ரவரி என்றால் கறுப்பின வரலாற்று மாதம். அதற்காக எங்கள் ஊர் நூலகத்தில் வெர்னா டீச்சரின் ஓவியங்களை மாட்டினோம். பன்னிரண்டு முகங்கள். கொக்கி எடுத்துக் கொடுப்பது என் வேலை. டீச்சர் கறுப்பினப் பெண்மணி. அவரும் என்னைப் போல ஓய்வுபெற்ற ஆசிரியர், ஓவியப் பாடம். அதனால் ஒத்துப்போகிறது. வரைந்திருப்பது எல்லாம் அவருடைய சர்ச் ஆட்களை. பஸ் ஓட்டியவர், முடி திருத்துகிறவர், ஒரு நர்ஸ். போட்டோ பார்த்து வரைய மாட்டார். ஆள் எதிரே வந்து உட்கார வேண்டும். நான் முப்பது வருஷம் வரலாறு நடத்தினேன். என் பாடத்தில் ஒரு நர்ஸ்கூட வந்ததில்லை.

மாலை பாஸ்கர் போன். நம் தமிழ்ச் சங்கத் தலைவர். "அங்கிள், சனிக்கிழமை 21ஆம் தேதி ஓப்பனிங்தானே? அந்த ஆர்ட்டிஸ்ட் மேடத்துக்கு நம்ம சங்கம் சார்பா பொன்னாடை போர்த்தலாம்னு இருக்கோம். நீங்கதான் பேசி ஓகே வாங்கித் தரணும்."

இத்தனை வருஷம் இல்லாத அக்கறை. ஏன் இப்போது?

பிப். 14, சனி
பாஸ்கர் இந்த வருஷம் ஸ்கூல் போர்டு தேர்தலில் நிற்கிறாராம். இங்கே ஊர்ப் பள்ளிகளை நடத்துகிற குழுவுக்கும் ஓட்டுப் போட்டுத்தான் ஆள் எடுப்பார்கள். ரம்யா சொன்னாள். அப்படியா சேதி.

உதாரணம்: எங்கள் பள்ளியில் கல்வி அதிகாரி வருகிற வாரம் மட்டும் கரும்பலகைக்குப் புதுசாகக் கறுப்பு அடிப்பார்கள். வாசனையை வைத்தே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், யாரோ வரப்போகிறார் என்று.

ரம்யா: "மாமா, மனுஷன் நல்லது பண்ணாக்கூட டவுட்டா? நம்ம ஆளுங்க அவங்க ஃபங்ஷனை எட்டிப் பார்க்கிறதே பெருசு."

அதுவும் நியாயம்தான். இருந்தாலும்.

பிப். 17, செவ்வாய்
வெளியே குளிர் காது மடலைக் கடிக்கிறது.

டீச்சரிடம் சங்கத்தின் விருப்பத்தைச் சொன்னேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. போன வருஷம் ஓர் அலுவலகத்தில் அவரைக் கூப்பிட்டார்களாம். கேக், கைதட்டல், போட்டோ. ஒருவரும் படங்கள் பக்கம் திரும்பவில்லை. இன்னொரு தடவை அப்படி நடந்தால் இனி எங்கும் மாட்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறார்.

"உங்கள் ஆட்களை உங்களுக்குத் தெரியும். படம் பார்க்கத்தான் வருகிறார்களா?"

"நல்லவர்கள்தான்" என்றேன். மனதில் இருந்ததைச் சொல்லவில்லை. நம் ஆட்களை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை. டீச்சர் ஒப்புக்கொண்டுவிட்டார். என்னை நம்பி.

பிப். 19, வியாழன்
வாட்ஸப்பில் அழைப்பிதழ். பாஸ்கர் படம் பெரிசு. டீச்சர் படம் தபால்தலை அளவு. விளக்கேற்றல் (பேட்டரி விளக்கு), வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரைகள், பொன்னாடை, நன்றியுரை. டீச்சர் எங்கே என்று தேடினேன். கடைசிக்கு முன்னால்: ஏற்புரை, 2 நிமிடம்.

போன் செய்தேன். "ஹால் ஒன் அவர்தான் குடுத்திருக்காங்க அங்கிள், டைம் டைட்."

"உங்க தலைமையுரை எவ்வளவுப்பா?"

"ஒரு பதினஞ்சு... பாத்து கொறைச்சுக்கறேன்."

கறுப்பு அடிக்கிற வாசனை.

பிப். 21, சனி
நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

போய்ப் பார்த்தால் சுவரில் பேனர். சங்கத்தின் பெயர், கும்பிட்ட கையுடன் பாஸ்கர். அதற்குப் பின்னால் ஐந்து ஓவியங்கள். விழா என்றால் மேடைக்குப் பின்னால் பேனர் கட்டியே பழக்கம். சுவரில் என்ன இருக்கிறது என்று பார்க்கக் கட்டியவர்களுக்குத் தோன்றவே இல்லை.

"இதை இறக்குங்க பாஸ்கர்."

"போட்டோ எடுத்ததும் கழட்டிடலாம் அங்கிள். பேக்ட்ராப் இல்லேன்னா மொட்டையா இருக்கும்."

"மொட்டையா? பின்னாடி அஞ்சு பேர் இருக்காங்கப்பா."

சிரித்தார். ஜோக் என்று நினைத்துவிட்டார்.

டீச்சர் வந்தார். பேனரைப் பார்த்தார். பிறகு என்னை. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

அவர் பின்னாலேயே சர்ச் ஆட்கள், ஞாயிற்றுக்கிழமை உடையில். வாக்கர் பிடித்த ஓர் அம்மாள், தலையில் ஊதாத் தொப்பி, ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே வந்து பேனர் முன் நின்றார். "நான் எங்கே இருக்கிறேன்?" கேட்டது பாஸ்கரிடம். மைக் வைத்திருந்தவர் அவர்தானே.

பாஸ்கருக்குப் புரியவில்லை. நான் இந்தப் பக்கத்து டேப்பைப் பிய்த்தேன். பேனர் சரிந்தது. சுவரில் அதே தொப்பி, அதே முகம்.

"இதோ" என்றார் அந்த அம்மாள்.

பாஸ்கர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு மறுபக்கத்து டேப்பை அவரே பிய்த்தார். வெட்கமா, எல்லாரும் பார்க்கிறார்களே என்றா? அவர் முகத்தையே கவனித்தேன். பிடிபடவில்லை.

தலைமையுரை நடக்கவில்லை. டீச்சர் படம் படமாக நின்று பேசினார். நம் ஆட்கள் கூடவே நடந்தார்கள். எங்கள் பில்டிங் பெண் ஒருத்தி நர்ஸ் படத்தை விட்டு நகரவில்லை. "எங்கம்மாவும் நைட் டூட்டி பார்த்தவங்க அங்கிள். கண்ணு இப்படித்தான் இருக்கும்."

பொன்னாடையைக் கோட்டுக்கு மேலேயே போர்த்தினார்கள். என்னிடம் டீச்சர் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப். 22, ஞாயிறு
தூறல். குரூப்பில் போட்டோக்கள். பேனர் தெரிகிற போட்டோ ஒன்றுகூட இல்லை. பாஸ்கர் கெட்டிக்காரர். டீச்சருக்கு இரண்டு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை.

பிப். 23, திங்கள்
டீச்சரே கூப்பிட்டார். பாஸ்கர் தன் அம்மாவை வரைந்து தரச் சொல்லிக் கேட்டாராம். கோடையில் மதுரையிலிருந்து வருகிறார்களாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் கூட்டிவந்து உட்கார வைக்கிறேன் என்றாராம்.

"மனதாரக் கேட்கிறாரா, தேர்தலுக்கா?" தேர்தல் சேதி டீச்சருக்கும் எட்டியிருக்கிறது.

நல்லவர்தான் என்று வாய்வரை வந்தது.

"தெரியவில்லை டீச்சர். அன்றைக்கு நீங்கள் கேட்டபோதும் தெரியாது. சந்தேகம் இருந்தது. சொல்லாமல் விட்டேன்."

அந்தப் பக்கம் கொதித்த கெட்டிலை அணைத்துவிட்டு வந்தார்.

"அதைத்தான் அன்றைக்குக் கேட்டேன், மிஸ்டர் சுந்தரம்."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. சனிக்கிழமை படங்களை இறக்கி பக்கத்து ஊரான வெஸ்ட் வின்ட்சருக்குக் கொண்டுபோக வேண்டுமாம், மார்ச்சில் அங்கே மாட்டப்போகிறார். ஏணியைப் பிடித்துக்கொள்ள வர முடியுமா என்று கேட்டார்.