கிணற்றில் தொங்கும் டாலிவர்

டுலூத், மினசோட்டா
1936 பிப்ரவரி 9

அன்பு மகன் ஆண்டர்ஸுக்கு,

நானும் அப்பாவும் நலம், ஏரி உறைந்து கிடக்கிறது, அப்பாவின் இருமல் பரவாயில்லை. கலிபோர்னியா வெயிலில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உன் கடிதம் வந்தது. உன் கல்யாணத்துக்கு வரும்போது, உனக்கு வரப்போகிற லோர்னாவின் அப்பா கேட்டால், நான் ஏதோ ஆபீஸில் டைப் அடிப்பதாகச் சொல்லச் சொல்லியிருக்கிறாய். பேராசிரியரான அவர் வீட்டில், நான் எழுதும் மலிவுப் பத்திரிகைக் கதைகளைப் பற்றிப் பேசினால் உனக்குத் தலைகுனிவாம். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். மில் மூடி அப்பா வீட்டில் உட்கார்ந்தபோது உன்னைக் காலேஜில் படிக்கவைத்தது என் கடற்கொள்ளைக்காரர்களும் கொலைகாரர்களும்தான்.

இன்னொன்று கேள். பதினோரு வருடமாக நான் எழுதியதெல்லாம் 'கேப்டன் டர்க் ஹாலரன்' என்ற பெயரில்தானே வருகிறது? அது பத்திரிகைக் கம்பெனி வைத்த பெயர், யார் எழுதினாலும் அதையே போடுவார்கள். போன வருடக் கடைசியில் வேலையில்லாத ஒரு நடிகனைப் பிடித்து, தாடி ஒட்டி, கையில் துப்பாக்கி கொடுத்து, இவர்தான் கேப்டன் என்று படம் போட்டுவிட்டார்கள். வாசகர்களுக்குக் கையெழுத்து வேறு போட்டுக்கொடுக்கிறானாம். பத்திரிகை ஆசிரியர் புரூயிட்டுக்கு டிரங்க் கால் போட்டு, இனி என் பெயர்தான் வர வேண்டும் என்றேன். "பொம்பள பேரப் போட்டா எவம்மா வாங்குவான்?" என்றார். "அப்ப மிச்சத்த உங்க கேப்டனையே எழுதச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன்.

என் தொடர்கதையில் துப்பறியும் டாலிவர் அப்போது மூடிய கிணற்றுக்குள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். அவர் தப்பிக்கும் கடைசி அத்தியாயம் என் மாவு டப்பாவுக்குள் பத்திரமாக இருந்தது. இனி என்னிடம் கதையே வாங்க மாட்டோம் என்று மிரட்டினார்கள், நான் அசையவில்லை. வேறு இரண்டு பேரை எழுதச் சொல்லிப் பார்த்தார்களாம். ஒருவன் பூகம்பத்தைக் கொண்டுவந்தானாம், இன்னொருவன் எல்லாம் கனவு என்றானாம். நம் தபால்காரர் எமில்கூட, "என்னம்மா, அந்தாளு இன்னும் கிணத்துக்குள்ளயேதானா?" என்று தினமும் நச்சரித்தார். டாலிவர் எப்படித் தப்பிக்கிறார் என்று அப்பாவிடம்கூட நான் மூச்சு விடவில்லை.

நேற்று தந்தி வந்தது. பெயரைப் போடுகிறோம், ஆளை வெளியே எடுங்கள் என்று. ஏப்ரல் இதழின் அட்டையிலேயே வரும். உன் கல்யாணமும் ஏப்ரலில்தான். லோர்னாவின் அப்பாவுக்கு என் கையாலேயே ஒரு பிரதி கொடுப்பதாக இருக்கிறேன். டைப் அடிப்பவளாகத்தான் வர வேண்டும் என்றால் அப்பா மட்டும் வருவார், எனக்கு டிக்கெட் எடுக்காதே. யோசித்து எழுது.

நீயும் அவளும் நூறு வருடம் நன்றாக இருங்கள், அதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பல்வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு.

உன் அம்மா,
அட்டையில் வரப்போகும்
ஹெஸ்டர் நைக்விஸ்ட்