படம் தெளிந்த ஞாயிற்றுக்கிழமை

ஆரணி

அன்புள்ள மகன் கமலக்கண்ணனுக்கு அம்மா எழுதுவது. நீயும் பரிமளாவும் அந்தக் கனடாக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும். இங்கே அப்பாவுக்கு முழங்கால், எனக்குக் காது, இந்த இரண்டையும் விட்டால் மற்றதெல்லாம் நலம்தான். செல்போன் காலத்தில் அம்மா ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். செல் அப்பாவுடையது, அதில் எதை எழுதினாலும் அவர் கண்ணில் பட்டுவிடும். இதை நீ தனியாக உட்கார்ந்து படி.

களம்பூரிலிருந்து எடுத்த அரிசி இந்த முறை குழைகிறது, அதற்கும் பேச்சு எனக்குத்தான். சித்தப்பா வீட்டில் மாடி எடுக்கிறார்கள், நாள் முழுக்க சிமெண்ட் தூசி. போன மாதம் வேலூருக்குப் போய்க் காதைக் காட்டினோம். நரம்பே போய்விட்டது, மெஷின் வைத்தாலும் சத்தம்தான் வரும், வார்த்தை வராது என்று டாக்டர் எழுதிக் காட்டினார். இருபத்தெட்டு வருஷம் பவர்லூம் கொட்டகையில் நின்றவளுக்கு வேறு என்ன மிச்சம் இருக்கும். அதற்காக நான் அழவில்லை. தறி ஓடும்போது நாங்கள் பெண்கள் எல்லாம் ஒருத்தி உதட்டை ஒருத்தி பார்த்துத்தான் பேசிக்கொள்வோம், மாமியாரைத் திட்டுவதெல்லாம் அப்படித்தான், முதலாளி பக்கத்திலேயே நிற்பார், ஒன்றும் விளங்காது. அந்தப் பழக்கத்தில் கடைத்தெருவில் யார் பேசினாலும் சமாளித்துவிடுகிறேன். உன்னோடுதான் முடியாமல் போயிற்று. போனில் குரல் வந்து எனக்கு என்ன பிரயோஜனம், முகம் வேண்டும். அப்பா செல்லில் உன் முகம் கட்டைவிரல் அளவு. நீ விட்டுப்போன லேப்டாப்பில் பெரிதாக வருவாய், ஆனால் திறந்த வாய் திறந்தபடியே நின்றுவிடுவாய். எட்டு மாதமாக நீ பேசியது ஒரு வார்த்தைகூட எனக்குத் தெரியாது. ஒரு மணி நேரம் உன்னோடு பேசிவிட்டு நல்லா இருக்கானாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார் உன் அப்பா. பெற்ற பிள்ளை பேசுவதை இனிமேல் பார்க்கவே முடியாதோ என்று எனக்குப் பைத்தியம் பிடித்தாற்போல் ஆகிவிட்டது.

நெட் சித்தப்பா வீட்டு வைஃபையிலிருந்துதான் வருகிறது, நடுவில் தறிக் கொட்டகைத் தகரம் மறைக்கிறது. நமக்குத் தனியாகக் கேட்டு நாலு மாதம் ஆயிற்று, கம்பத்தில் இடம் இல்லையாம். அவர்கள் வீட்டிலேயே போய் உட்கார்ந்து பேசலாம் என்றார் அப்பா. என் பிள்ளையோடு நான் பேசுவதை எட்டுப் பேர் சுற்றி நின்று பார்க்க வேண்டுமா, எனக்கு இஷ்டமில்லை என்று சொல்லிவிட்டேன். அப்புறம் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெயவேலிடம் போனோம். அவன் அடியில் திறந்து காட்டினான், தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத ஒரு கார்டு, அதில் முடி மாதிரி இரண்டு ஒயர், அதுதான் நெட்டைப் பிடிக்கிறதாம். அதைக் கழற்றிப் புதிதாக ஒன்றைப் போட்டான். லேப்டாப் கறுப்புத் திரையில் இங்கிலீஷில் ஒரு வரி எழுதிவிட்டு நின்றது. இந்தக் கம்பெனி லேப்டாப்பு அவன் லிஸ்ட்ல இருக்கற கார்டைத்தான் சேர்க்கும், வேற வச்சா எழுந்திருக்காது, வெளியில சொருகற கார்டுதான் உங்களுக்கு வழி என்றான்.

ஜல்தியாக வேலை முடிய வேண்டும் என்று அப்பா அவனைக் கேட்காமலேயே ஆன்லைனில் ஒன்று வரவழைத்தார். பெட்டி மேல் ஹை பவர் என்று கொட்டை எழுத்து, நம்பர் பெருசா இருந்தா பவரு பெருசுதானே என்று தெருவெல்லாம் சொல்லிகினு திரிந்தார். சொருகினால் சிக்னல் கோடு எல்லாம் முழுசாக நிற்கிறது, நீ மட்டும் பழையபடி வாயைத் திறந்து நிற்கிறாய். ஜெயவேல் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். இது கத்தறது அங்க கேக்கும்மா, அங்க இருந்து பேசறது இதுக்குக் கேக்க வேணாமா, வாங்கும்போது ஆன்டெனாவைத்தான் பார்க்கணும் என்று மெதுவாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தக் கார்டும் என்னைப் போலத்தான் என்றேன். கடைசியில் அவனே சென்னையிலிருந்து ஒன்று எடுத்து வந்தான், இரண்டு ஆன்டெனா, கழற்றி மாற்றலாம், நீள ஒயர் போட்டு ஜன்னலுக்கு வெளியே சித்தப்பா வீட்டைப் பார்த்தாற்போல் கட்டினான். தகரத்தைத் தாண்ட மெதுவான லைன்தான் நல்லது என்று எதையோ மாற்றியும் வைத்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் முகம் அசைந்து வந்தது. சாப்பிட்டியாம்மா என்று கேட்டாய், எட்டு மாதத்துக்கு அப்புறம் நான் பார்த்த முதல் வார்த்தை, அழுதுவிட்டேன், நீயும் பார்த்தாய். கொஞ்ச நேரத்தில் பரிமளா பக்கத்தில் வந்து நின்றாள். நீ ஏதோ பட்டனை அமுக்கினாய். சத்தம் போயிடுச்சே, இந்தக் கார்டும் பேஜார் பண்ணுதே என்று அப்பா எழுந்துபோய் ஜன்னலில் ஆன்டெனாவைத் திருப்பிகினு நின்றார். நீ அவள் பக்கம் திரும்பிப் பேசினாய். அரை உதடுதான் தெரிந்தது. எனக்கு அரை உதடு போதும் கண்ணா.

தையில வர்றோம்னு சும்மா சொல்லிகினு இருக்கேன், இங்க வீடு வாங்கிட்டோம், இனிமே அந்த ஊருக்கு வர மாட்டோம்னு எப்படிச் சொல்றது, இப்படியே தள்ளிகினு போவோம், அதுங்க இன்னும் எத்தினி நாளைக்கு இருக்கும் என்றாய். சொல்லிடுங்க, பாவம் என்றாள் அவள். நல்ல பெண், அவளைக் கோபிக்காதே. அப்புறம் பட்டனை அமுக்கிவிட்டு என்னைப் பார்த்து, தையில கண்டிப்பா வந்துடறோம்மா என்றாய். நானும் சரிடா என்று தலையாட்டினேன். கொட்டகையில் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வளர்ந்தவன் நீ, என் முன்னால் சத்தத்தை மட்டும் அமுக்கினால் போதும் என்று எப்படி நினைத்தாய். நீ அங்கேயே இருப்பது எனக்குத் தாங்கும். அதுங்க இன்னும் எத்தினி நாளைக்கு இருக்கும் என்றாயே, அதுதான் தாங்கவில்லை. இந்த ஒரு வாரமாகக் கண்ணை மூடினால் உன் உதடுதான் வருகிறது.

அப்பாவிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆன்டெனாவை அவர் திருப்பியதால்தான் சத்தம் வந்தது என்று ஜெயவேலிடமே பெருமை பேசிவிட்டு வந்தார். தை மாதத்துக்கு என்று மேல் அறைக்கு வெள்ளையடிக்க ஆளும் சொல்லிவிட்டார்.

நீயும் பரிமளாவும் புது வீட்டில் குறை இல்லாமல், நோய் நொடி இல்லாமல் இருங்கள், முதலில் பால் காய்ச்சிவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள். குளிருக்குக் காதை மூடிக்கொள். ஒன்றை மட்டும் மறக்காதே, இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவிடம் நீயே உண்மையைச் சொல்லிவிடு. சத்தத்தை அமுக்காமல் சொல்லு, அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா
திலகவதி வீரபாகு