நஞ்சுண்டசாமிக்குப் பதில்

மார்ச் 7, 1998, சனி

என் கம்ப்யூட்டர் பத்தி வந்தது. கிரைம் நிருபர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பத்திரிகையில் எனக்கு மிச்சமிருப்பது இது ஒன்றுதான். இந்த வாரம், மைசூரிலேயே செய்யும் ஒரு யு.பி.எஸ். பெட்டி பற்றி. கரண்ட் போனால் இருபது நிமிடம் தாங்கும் என்கிறது விளம்பரம். என் வீட்டில் பல மாலைகள் சோதித்தேன். ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஆறு மணியிலிருந்தே காரணமில்லாமல் கீச்சிடுகிறது. அப்படியே எழுதினேன்.

மார்ச் 14

போட்டிப் பத்திரிகையில் கம்ப்யூட்டர் பத்தி எழுதும் நஞ்சுண்டசாமி மறுத்திருக்கிறார். சொந்த ஊர் ராமாபுரம், இருப்பது மைசூரில், இளைஞர். அவர் வீட்டில் இருபது நிமிடத்துக்கு மேலேயே ஓடியதாம். ‘கிரைம் நிருபர் கம்ப்யூட்டரைத் திறந்தாலும் உள்ளே பிணத்தைத்தான் தேடுவார்’ என்று ஒரு வரி. நல்ல வரி. சிரித்தேன்.

கடைசிப் பாராவில் சிரிப்பு நின்றது. கம்பெனியிடம் எதையோ எதிர்பார்த்து ஏமாந்தேன் என்ற தொனி. என்னையா?

மார்ச் 21

என் பதில் வந்தது. விமர்சனத்துக்கென்று கம்பெனிகள் பொருள் அனுப்புவதும், பிறகு அவர்கள் திருப்பிக் கேட்காததும், எழுதுகிறவர்கள் திருப்பிக் கொடுக்காததும் நம் தொழிலில் பழக்கம். என் பெட்டியை மனைவி சரசுவின் பெயரில் கடையில் வாங்கினேன். ‘நஞ்சுண்டசாமி வீட்டில் இருபது நிமிடம் ஓடிய பெட்டி யாருடையது?’ அதை மட்டும் கேட்டேன்.

மார்ச் 23

ஆசிரியர் கூப்பிட்டார். கம்பெனி விளம்பரத்தை நிறுத்திவிட்டது. நான் எழுதியது தவறு என்று எழுத வேண்டும், இல்லையென்றால் பத்தி கிடையாது. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். யோசிக்க என்ன இருக்கிறது?

சரசு வேறு மாதிரி கேட்டாள். “ஒரு பெட்டிக்காக ஊரே சிரிக்குது. அவரை இங்கயே கூப்பிட்டுக் காட்டுங்களேன். மத்தே, இல்லாட்டி பேப்பர்லயேவா வாழ்க்கை பூரா சண்டை போடுவீங்க?”

நஞ்சுண்டசாமிக்குப் போன் செய்தேன். “வர்றனுங்க சார். ஆனா என்ற பெட்டியத்தான் கொண்டாருவேன்” என்றார். எனக்கு அது போதும். பத்திரிகைக்காரர்களுக்குப் பொறுக்கியெடுத்த பெட்டி போகிறது என்பது என் சந்தேகம். அவருடையது ஓடி என்னுடையது நின்றால் நிரூபணம்.

மார்ச் 26

ஸ்கூட்டரில் பெட்டியைக் கட்டிக்கொண்டு மாலையில் வந்தார். இணைத்துவிட்டுக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அதுவும் கீச்சிட ஆரம்பித்தது. ஏழு மணிக்கு வழக்கம்போல் கரண்ட் போனது. காபியை நான் பாதி குடிப்பதற்குள் கம்ப்யூட்டர் அணைந்தது.

அவர் பெட்டியும் என் பெட்டியைப் போலவே! நான் எதிர்பார்த்தது இதுவல்ல.

அவர் கரண்ட் திரும்பியதும் பையிலிருந்து மீட்டரை எடுத்துப் பிளக்கில் வைத்தார். “என்னுங்க சார் இது, உங்கூட்ல நூத்தம்பது வோல்ட்டுகூட வரமாட்டேங்குது? வோல்டேஜ் எறங்குனாவே பெட்டி பேட்டரிக்குப் போயிருமுங்க. அதுக்குத்தான் கத்துது. ஏழு மணிக்கு அதுல என்ன மிச்சமிருக்கும்?”

எங்கள் வீடு மின் லைனின் கடைசி வீடு, வோல்டேஜ் குறைந்துதான் வந்து சேரும். பெட்டி கீச்சிட்டு அதைச் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கோளாறு என்று அச்சிட்டிருக்கிறேன். ஏன் அளக்கவில்லை?

மார்ச் 27

என் பெட்டியை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன். தெருமுனையிலேயே டிரான்ஸ்பார்மர், வோல்டேஜ் குறைவதில்லை. கரண்ட் போனபின் இருபது நிமிடத்தைத் தாண்டி ஓடியது. ஆக, பொறுக்கியெடுத்த பெட்டி எதுவும் இல்லை. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் தெருவை மைசூர் என்று எழுதினோம், அவ்வளவுதான். பிறகு ஒருவரையொருவர் திருடன் என்றோம்.

நான் கிளம்பும்போது சொன்னார்: “உங்களைப் பத்தி அப்படி எழுதுனது தப்புங்க. கம்பெனி அனுப்புன பெட்டியத் திருப்பிக் குடுக்கோணும்னு எனக்குத் தோணவேயில்லீங்க. எல்லாரும் வெச்சுக்கறாங்க, நானும் வெச்சுக்கிட்டேன்.”

மார்ச் 30

இரண்டு வீட்டிலும் நடந்ததை எழுதினேன். கீச்சொலி பற்றி நான் எழுதியது தவறு, பொறுக்கியெடுத்த பெட்டி என்ற சந்தேகமும் தவறு. வோல்டேஜ் குறையும் தெருவில் இருபது நிமிடம் என்ற விளம்பரம் பலிக்காது, இது சரி.

தவறு என்று ஒப்புக்கொண்ட பாதி மட்டும் போதும் என்றார் ஆசிரியர். என் வீட்டில் நடந்தது பொய்யா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியானால் ஒரு வரியும் எடுக்க மாட்டேன் என்றேன். கட்டுரையைத் திருப்பிக் கொடுத்தார். வருத்தத்தோடுதான்.

பத்தி முடிந்தது. சரசுவிடம் சொன்னேன். “சரி, சாப்பிடுங்க” என்றாள்.

ஏப்ரல் 2

செய்தி நஞ்சுண்டசாமிக்கு எட்டிவிட்டது. கட்டுரையைக் கேட்டு நேரில் வந்தார். கொடுத்தேன்.

ஏப்ரல் 11, சனி

நஞ்சுண்டசாமியின் பத்தி வரும் இடத்தில் என் கட்டுரை, என் பெயரோடு. ஒரு சொல்லும் குறையவில்லை. அடியில் அவர் குறிப்பு. பெட்டியைக் கம்பெனிக்குத் திருப்பிவிட்டதாக எழுதியிருக்கிறார். என்னைத் தாக்கியதற்கு வருத்தம் தெரிவித்திருக்கிறார். அதோடு நிறுத்தவில்லை. தெருவுக்குத் தெரு மாறும் மின்சாரத்துக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும், அந்த இடத்தில் பெரியவர் இன்னும் தவறுகிறார் என்கிறார்.

தவறுவது அவர். மைசூரில் செய்து மைசூரில் விற்கிறவனுக்கு மைசூர் மின்சாரம் தெரிந்திருக்க வேண்டும்.

போன் செய்து அதையே சொன்னேன். “எழுதிக் குடுங்க சார், போட்டர்றேன்” என்றார். சரசு மேசையைத் துடைத்துக் கொடுத்தாள். முதல் பாரா முடிந்திருக்கிறது.