ஐந்தாவது லெவல்

மறுவாழ்வு இல்லம்,
12.05.2025

என் கண்ணு ஜோஸ்லினுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் உன்னைக் காக்கட்டும். இங்கே சேரும்போதே போனை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தொண்ணூறு நாளும் கடிதம்தான். கடைசியாகக் கடிதம் எழுதியது உங்கம்மாவுக்கு, கல்யாணத்துக்கு முன்னால். கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

குடியை விட்டு இன்றோடு நாற்பத்து மூன்று நாள். கை நடுக்கம் குறைந்திருக்கிறது. காலையில் உப்புமா போட்டே கொல்கிறார்கள். உங்கம்மா ஞாயிறு தவறாமல் கருமத்தம்பட்டியிலிருந்து பஸ் மாறி பஸ் ஏறி வருகிறாள். நீ சரவணம்பட்டியில்தான் வேலை பார்க்கிறாய். பார்க்க வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டில் உன் பேர் இருக்கிறதா என்று வாரா வாரம் பார்ப்பேன். சும்மா சொன்னேன், குறையாக எடுத்துக்கொள்ளாதே.

இன்னொரு விஷயம். இங்கே வருவதற்கு முன்னால் நீ செய்த போன் கேமை ஆடினேன். குடிகாரன் ஒருவன் வண்டியில் வருவதற்குள் வீட்டுச் சாமானை ஒளித்து வைக்கிற கேம். நாலு லெவல் தாண்டிவிட்டேன். ஐந்தாவதில் லேப்டாப்பை எங்கே ஒளித்தாலும் அவன் எடுத்துவிடுகிறான். அதில் ஜெயிக்க வழி இருக்கிறதா, கண்ணு?

உன் அப்பா
சந்தியாகு

*

சரவணம்பட்டி,
21.05.2025

அப்பாவுக்கு,

உடம்பு தேறி வருவது சந்தோஷம். உப்புமாவாக இருந்தாலும் சாப்பிடுங்கள்.

அந்த கேமை நீங்கள் ஆடுவீர்கள் என்று நான் நினைக்கவே இல்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் ஆபீஸ் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன்.

ஜெயிக்க வழி இல்லை. அது பிழை, சரிசெய்யுங்கள் என்று ஆடுகிறவர்கள் தினமும் எழுதுகிறார்கள். பிழை இல்லை. தெரிந்தேதான் அப்படிச் செய்தேன்.

ஜேக் அண்ணனுக்கு ஸ்கூலில் கொடுத்த கவர்மெண்ட் லேப்டாப் ஞாபகம் இருக்கிறதா? அண்ணன் அதில் படம் பார்ப்பான். நான் பன்னிரண்டு வயதில் அதில்தான் கேம் செய்யக் கற்றுக்கொண்டேன். சொல்லித்தர ஆளில்லை. தப்பு வந்தால் ஒவ்வொரு வரியாக மாற்றி மாற்றிப் பார்ப்பேன். ஒரு பொம்மையைக் குதிக்க வைக்கவே பதினோரு நாள் ஆயிற்று. ஒரு நாள் ஸ்கூல் விட்டு வந்து பார்த்தால் அரிசி டிரம்முக்குள் ஒளித்து வைத்திருந்த லேப்டாப் இல்லை. "ரிப்பேருக்குக் குடுத்திருக்கேன் அம்மணி, அடுத்த வாரம் வந்துரும்" என்று சொன்னீர்கள். நான் இரண்டு மாதம் நம்பினேன்.

பிறகு கட்டம் போட்ட கணக்கு நோட்டில் புரோகிராம் எழுதினேன். எழுதி, மனதுக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பேன். வெள்ளிக்கிழமை ஸ்கூல் லேபில் அரை மணி நேரம் கிடைக்கும், அப்போது டைப் அடிப்பேன். நீங்கள் ஆடியது அந்த நோட்டில் எழுதிய கேம்தான். போன வருஷம் அதைப் போனுக்கு மாற்றினேன்.

நான் மன்னித்துவிட்டதாக அம்மா உங்களிடம் சொன்னாங்களாம். நான் அப்படிச் சொல்லவில்லை.

ஜோஸ்லின்

*

மறுவாழ்வு இல்லம்,
02.06.2025

கண்ணு ஜோஸ்லினுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். இங்கே எங்களுக்குப் புத்தி சொல்ல பிரவீனா மேடம் என்று ஒருவர் வருகிறார். "நல்லவனாத் தெரியோணும்னு எழுதாதீங்க. உள்ளதை எழுதிப்போடுங்க" என்றார். எழுதுகிறேன்.

பிப்ரவரியில், தறி ஓட்டும் ஷெட்டில், கூட வேலை செய்யும் நரசிம்மலு போனை நீட்டினான். "ஆடிப் பாருங்கண்ணா, செம காமெடி" என்றான். தறிச் சத்தத்தில் போன் சத்தம் எங்கே கேட்கும்? நானும் சிரித்துக்கொண்டே குக்கரை, மிக்ஸியை எல்லாம் ஒளித்தேன். ஐந்தாவது லெவலில் கரண்ட் போய்விட்டது. ஷெட்டே கப்சிப். போனுக்குள்ளிருந்து என் வண்டி வந்தது. அதே ஓட்டை சைலன்சர், மேடு ஏறும்போது இழுக்கிற அதே இழுவை. அதுவரைக்கும் என்னிடமிருந்துதான் நான் சாமானை ஒளித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அப்புறம்தான் அதில் பேரைப் பார்த்தேன், எஸ். ஜோஸ்லின் என்று. அந்த எஸ் நான்தானே.

நரசிம்மலு உன் பேட்டியையும் காட்டினான். அந்தக் குடிகாரர் யார் என்று கேட்டதற்கு, "பக்கத்து ஊட்டுல ஒருத்தருங்க" என்றாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதற்கும் ஒருவன் அப்பாடா என்பானா? தூ, என்ன மனுசன் நான் என்று ஆகிவிட்டது. அப்புறம் என் போனிலும் அதை ஏற்றி எத்தனையோ தடவை ஆடினேன், எல்லாத் தடவையும் தோற்றேன். மார்ச் கடைசியில் நானே வந்து இங்கே சேர்ந்தேன்.

அந்த வண்டிச் சத்தத்தை நீ எப்போது ரெக்கார்டு செய்தாய் என்று எனக்குத் தெரியும். அவிநாசி ரோட்டில் ஒரு மொபெட் நாய்களுக்குத் தப்பி ஓடுகிற கேம் ஒன்று செய்தாயே, அதற்கு. "இன்னொருக்கா முறுக்குங்கப்பா" என்று நீ சொல்லச் சொல்ல, வாசலில் நின்று ஆக்சிலேட்டரை முறுக்கினேன். அன்றைக்கு நான் குடிக்கவில்லை. அரிசி டிரம்முக்குள் கையை விட்டு லேப்டாப்பை எடுத்து, என் மடியில் வைத்து ஆடச் சொன்னாய். ஒளித்து வைக்கிற இடத்தை நீயே காட்டினாய், அப்பாதானே என்று. அடுத்த வாரம் அங்கேதான் நான் கையை விட்டேன்.

காந்திபுரத்தில் ஒரு கடையில் விற்றேன். "உள்ள ஏதாச்சும் வேண்டியது இருக்குங்களா, அழிச்சுப்போடட்டுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். "ஒண்ணுமில்லீங்க, அழிச்சுப்போடுங்க" என்றேன். நாய் கேம் உள்ளே இருப்பது எனக்குத் தெரியும், கண்ணு. இதை நான் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போதுகூடச் சொன்னதில்லை.

இருபத்தொன்பதாம் தேதி ஞாயிறு என்னை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். குடும்பத்தில் இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். அம்மா வருவாள். இன்னொருவருக்கு ஜேக்கைத் திருப்பூரிலிருந்து வரச் சொல்லலாம். நீ வராவிட்டால் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

அப்பா

*

சரவணம்பட்டி,
23.06.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

மூன்று வாரமாகப் பதில் போடவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துப்போட்டேன்.

நாய் கேம் அழியவில்லை. ஸ்கூல் லேபில் காட்டுவதற்காக ஒரு பென் டிரைவில் போட்டு வைத்திருந்தேன். இத்தனை வருஷத்தில் ஒரு நாள் நீங்கள் கேட்டிருந்தால்கூட, அழிந்துபோச்சு என்றுதான் சொல்லியிருப்பேன். அந்தக் கெட்ட புத்தி எனக்கு இருந்தது.

வண்டிச் சத்தம் முழுதாக அதில் இருக்கிறது. கடைசியில் நீங்கள், "போதுங்களா அம்மணி?" என்று கேட்கிறீர்கள். நான் சிரிக்கிறேன். அந்த இடத்தை வெட்டிவிட்டு, மீதியைத்தான் குடிகாரனுக்கு வைத்தேன். உங்கள் குரல் கேட்டால் ஆடுகிறவர்கள் பயப்பட மாட்டார்களே. கேமைப் பாராட்டி யாராவது கை தட்டினால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும், உடம்பெல்லாம் கூசும்.

பக்கத்து வீட்டுக்காரர் என்று சொன்னது உங்கள் மானத்தைக் காப்பாற்ற இல்லை. குடிகாரன் மகள் என்று ஆபீசில் யாரும் என்னைப் பார்த்துவிடக் கூடாது என்றுதான். ஊருக்கெல்லாம் உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டு, உங்களைத் தெரியாது என்றும் சொன்னேன். வெட்கமாக இருக்கிறதுப்பா.

ஐந்தாவது லெவலை மாற்றவில்லை. இப்போதைக்கு மாற்றவும் என்னால் முடியாது.

ஜேக்கை அலைய வைக்க வேண்டாம். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் அம்மாவோடு நான் வாரேன். உங்களுக்கு ஒரு வெள்ளைச் சட்டை எடுத்திருக்கிறேன். மெலிந்துவிட்டீர்கள் என்று அம்மா சொன்னாங்க, தொளதொளவென்று இருந்தால் மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஆபீஸ் லேப்டாப் பை என் தோளில் இருக்கும். பஸ்ஸில், வீட்டில், சாப்பிட உட்காரும்போதுகூட அதைக் கீழே இறக்கி வைக்க எனக்கு மனம் வராது. நீங்கள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துகொள்ளுங்கள்.

உங்கள் மகள்
சந்தியாகு ஜோஸ்லின்