யூரியா போடாத வயல்

வாளியைத் திறந்ததும் புளித்த மோரின் வாடை மூக்கில் ஏறுகிறது. செம்புத் துண்டு ஊறிக் கிடந்ததில் மோரில் லேசாகப் பச்சை ஏறியிருக்கிறது. இந்த மோர் மருந்தில் ரசாயனமே இல்லை என்று பெருமை பேசுவீர்கள். செம்பு என்னவாம் என்று கேட்டால் மழுப்புவீர்கள். ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனியிலிருந்து வாங்கி வந்த கழிவுத் துணியில் மோரை வடிகட்டி வைத்துவிட்டேன். இல்லாவிட்டால் ஸ்பிரேயர் அடைத்துக்கொள்ளும். வெயில் தாழ்ந்ததும் நெல்லுக்குத் தெளிக்க வேண்டும். அதுவரை இருப்புக் கொள்ளாமல்தான் உங்களுக்கு எழுதுகிறேன். கோபத்தோடும்தான்.

கீழ்வயலில் குலைநோய் தட்டிவிட்டது. தென்னை நிழல் விழுகிற மூலையில், இலைகளில் கண் கண்ணாகப் புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறம். நீங்கள் போன பிறகு நான் தனியாக நட்ட முதல் நெல் இது. கதிர் மணி பிடிக்காமல் சாவியாகிப் போனால், வயலைக் குத்தகைக்கு விடச் சொல்லும் உங்கள் தம்பிக்குச் சொல்ல என்னிடம் மறுபேச்சு இருக்காது.

காலையில் அவர் மருந்து டின்னோடு வந்து நின்றார். "மதினி, அண்ணன் பிடிவாதம் அண்ணனோட போகட்டும். இன்னிக்கே அடிச்சாத்தான் தப்பும். மோர ஊத்திக்கிட்டு இருந்தா சாவிதான் மிஞ்சும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நோய் முற்றிய பிறகு மோர் கேட்காது என்று நீங்களே சொல்வீர்கள்.

நீங்கள் இருந்த கடைசி மார்கழியை மறப்பேனா? பூசணக்கொல்லி நம் வாசலுக்கே வரக்கூடாது என்று கூமாப்பட்டி முழுக்கப் பேசினீர்கள். ஆனால் பக்கத்து வயல் கருகருவென்று பச்சை கட்டியதும் பொறுக்கவில்லை. எனக்குத் தெரியாமல் யூரியாவைக் கூடுதலாக வீசிவிட்டு வந்தீர்கள். பயிர் தளதளவென்று எழும்பியது. பின்னாலேயே, யூரியா மிஞ்சினால் வருகிற குலைநோய். பாதி வயல் சாவி.

"பச்சையப் பாத்து ஏமாந்துட்டேன் ஏட்டி. மோரக் குத்தம் சொல்லாத" என்றீர்கள். நான் மோரையும் திட்டினேன், உங்களையும் திட்டினேன்.

அதனால்தான் இந்த முறை விதையை நோய் தடுக்கும் சூடோமோனாஸ் பொடியில் புரட்டி நாற்றுப் பாவினேன். நெருக்கி நட விடவில்லை. யூரியா பக்கமே போகவில்லை. வயல் வெளிறித்தான் நின்றது. "என்னக்கா, பயிருக்குக் கஞ்சி ஊத்தலயா?" என்று வரப்பில் போகிறவர்கள் கேலி செய்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். இவ்வளவுக்குப் பிறகும் புள்ளி வந்தால் எரிச்சல் வராதா?

"செத்த பொறுங்க தம்பி" என்று காலையில் டின்னோடு நின்ற உங்கள் தம்பியிடம் சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கினேன். புள்ளிகள் எல்லாம் அடி இலைகளில்தான். குருத்து சுத்தமாக இருந்தது. அந்த மூலையைத் தாண்டி நோய் போகவில்லை. புள்ளி விழுந்த இலைகளைக் கிள்ளி எடுத்தேன்.

"நாளைக்குக் குருத்துல ஒத்தப் புள்ளி தெரிஞ்சாலும் நானே ஒங்களக் கூப்பிடுதேன். டின்னு இங்கயே இருக்கட்டும். இப்ப நிழல் விழுத மட்டைய மட்டும் வெட்டிக் குடுங்க" என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு அரிவாளோடு தென்னையில் ஏறினார்.

வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன். எத்தனை தடவை வயலுக்குப் போய் வந்தேனோ, எனக்கே தெரியாது. நான் செய்தது சரியா என்று சொல்ல ஆளில்லை.

காலையில் வரப்பேறியபோது சேலை முழங்கால்வரை பனியில் நனைந்திருந்தது. அதைப் பிழியும்போதுதான் உறைத்தது. அந்த மார்கழி முழுக்க, "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று விடியுமுன்னே கிளம்புவீர்கள். திரும்பி வரும்போது வேட்டி இப்படித்தான் நனைந்திருக்கும். டீக்கடைக்குப் போகிற ரோட்டில் வேட்டியை நனைக்க என்ன இருக்கிறது? ஒருநாளும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எதற்கும் கலங்காத மனுஷன் என்று நினைத்தேன். அந்தத் தைரியத்தில்தான் உங்களோடு அவ்வளவு சண்டை போட்டேன். நீங்களும் பயந்துதான் விடியுமுன்னே வயலைப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள். எனக்குக் காட்டாமல் வைத்திருந்த அந்தப் பயம் இப்போது என்னிடம் இருக்கிறது.

நாளைக்கு நானும் இருட்டோடு கிளம்பிவிடுவேன். பொய் சொல்லிவிட்டுப் போக வீட்டில்தான் ஆள் இல்லை.