குடிக்காத பால்

ரத்தோட்டை
10.01.1960

அன்புள்ள நாச்சியா மதினிக்கு, நூருன்னிஸா ஸலாம் சொல்லி எழுதுவது.

நீங்களும் என் கூடப்பிறந்த பாறூக் காக்காவும் என் வருங்கால மருமகள் கைறுன்னிஸாவும் சுகந்தானே? எனக்கு இருமல்தான் விட்டபாடில்லை. நுஹ்மான் ஏலக்காய்க் கடையே கதி என்று கிடக்கிறான். மாத்தளை பஸ்ஸைக் கண்டால் மட்டும் தலையை நிமிர்த்துகிறான். பெருநாள் கழிந்ததும் நிக்காஹ் என்று பேசியபடியே நடக்கட்டும்.

ஒரு கதை காதில் விழுந்தது. எங்கள் பக்கத்து வீட்டு ஸரீனா ஒரு கல்யாண வீட்டில், "நுஹ்மான் நாச்சியாட பால் குடிச்ச புள்ளதானே, அவருக்கு நாச்சியாட மகளை எப்படிக் குடுப்பாங்க?" என்று கேட்டாளாம். ஒரே பால் குடித்தவர்கள் கூடப்பிறந்தவர்கள் மாதிரி, நிக்காஹ் கூடாது என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நடக்காத ஒன்றை இவள் எங்கே கண்டாள்? மலேரியா வருஷம் நான் காய்ச்சலில் கிடந்தபோது உம்மா அவனுக்கு ஆட்டுப்பால்தான் புகட்டினார். நீங்கள் அப்போது பிள்ளைப்பேற்றுக்குக் காலேவலையில், உங்கள் தாய் வீட்டில். நிக்காஹ் எழுதும் உங்கள் பள்ளிவாசல் லெப்பை விசாரித்தால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்கள் நூரு

மாத்தளை
21.01.1960

அன்பு நூருவுக்கு,

உன் கடிதம் கண்டு நானும் சிரித்தேன். மறுநாள் ஸரீனாவே வந்தாள். நான் பச்சைப் புடவையோடு ரத்தோட்டை வீட்டுக் குசினி வாசலில் இருந்து நுஹ்மானுக்குப் பால் கொடுத்ததைக் கண்ணால் கண்டேன் என்கிறாள். அவள் சொல்லச் சொல்ல அவன் அழுதது எனக்கும் கேட்கிற மாதிரி இருந்தது. ஒரு தடவை கொடுத்திருப்பேனோ? என் பிள்ளை மௌத்தாகி, பால் கட்டிக்கொண்டு நான் பித்துப் பிடித்தவள் போல இருந்த காலம் அது. ஒன்றும் தெளிவாக இல்லை.

பயப்படாதே. ஐந்து தடவை வயிறு நிறையக் குடித்தால்தான் பால் உறவு என்று லெப்பை சொல்கிறார். கைறு தலையணை உறைக்குப் பூ தைக்கிறாள்.

நாச்சியா

ரத்தோட்டை
02.02.1960

மதினி,

ஒரு தடவையும் இல்லை. நீங்கள் ரத்தோட்டைக்குத் திரும்பி வந்தபோது நுஹ்மான் தவழ்ந்துகொண்டிருந்தான். நான் காய்ச்சல் தேறி எழும்பி நானே பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். உங்களைக் கூட்டி வந்தவர் காக்கா, அவரையே கேளுங்கள். அந்தப் பச்சைப் புடவை அதற்குப் பல வருஷம் கழித்து, கைறு பிறந்தபோது அவர் உங்களுக்கு எடுத்துத் தந்தது. இதையெல்லாம் எழுதவே எனக்கு அலுப்பாக இருக்கிறது.

நூரு

மாத்தளை
14.02.1960

நூரு,

உன் காக்காவும் நீ சொன்னதைத்தான் சொல்கிறார். ஆனால் எனக்கு எல்லாம் நினைவு வந்துவிட்டது. வெளியே மழை. அவன் என் கருகமணியைப் பிடித்து இழுத்தான். குடித்துவிட்டு வாயோரம் பாலோடு தூங்கினான். அது ஒரு நாள் இல்லை. ஐந்துக்கும் மேலே இருக்கும்.

லெப்பையிடம் சொல்லிவிட்டேன். "நீங்களே குடுத்தேன்னு சொல்றப்போ நான் எப்படி நிக்காஹ் எழுதுறது?" என்று கேட்டார். கைறு என்னோடு பேசுவதில்லை. பாவத்தை மறைத்து அவளை வாழவைக்கச் சொல்கிறாயா?

நாச்சியா

ரத்தோட்டை
25.02.1960

அன்புள்ள மதினிக்கு,

அல்ஹம்துலில்லாஹ். ஸரீனா நேற்று வந்து அழுதாள். "ஆள் மாறிப் போச்சு நூரு. நான் கண்டது எங்கட தெரு அப்துல் ஸமதுட மகனை. பால் குடுத்ததும் வேற ஆள்" என்றாள். உங்களிடமும் லெப்பையிடமும் நேரே சொல்வதாகச் சத்தியம் செய்திருக்கிறாள். கேட்டதும் நுஹ்மான் கடையை அடைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தான். இனி என்ன தடை? கைறுவிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

உங்கள் நூரு

மாத்தளை
09.03.1960

நூரு,

ஸரீனா வந்தாள், சொன்னாள். நான் இல்லை என்று சொன்னால் நிக்காஹை எழுதலாம் என்கிறார் லெப்பை. அவர் முன்னால் போய் நின்றேன். வாய் வரவில்லை.

நீ சொல்வதுதான் உண்மையாக இருக்கும். ஆனால் செத்துப்போன என் பிள்ளையின் முகம் எனக்கு நினைவில்லை. மடியைக் குனிந்து பார்த்தால் நுஹ்மான்தான் கிடக்கிறான். அதுவும் பொய் என்றால், என் பாலை ஒரு பிள்ளையும் குடிக்காமலே அந்த வருஷம் போய்விட்டது. அதை என்னால் தாங்க முடியாது. கைறு அழுவதைக் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். நான் மோசமான தாய்தான். "இருந்தாலும் இருக்கும், விடு" என்று உன் காக்காவும் இப்போது சொல்லத் தொடங்கிவிட்டார்.

அவனை மருமகன் என்று கூப்பிட எனக்கு நாக்கு வராது. மகனுக்கு என் துஆவைச் சொல்லு.

நாச்சியா

ரத்தோட்டை
18.04.1960

மதினிக்கு,

நுஹ்மானுக்கு உக்குவளையில் பெண் பேசியாயிற்று. சரி என்றான். உங்கள் துஆவை நான் அவனிடம் சொல்லவில்லை.

நேற்று ஏலக்காய் ஆய்ந்துகொண்டிருந்தேன். நான் காய்ச்சலில் கிடக்கிறேன், குசினி வாசலில் பச்சைப் புடவையோடு நீங்கள் என் பிள்ளையை மடியில் வைத்திருக்கிறீர்கள். அப்படியே கண்டேன். அவன் பசித்து அழவில்லை என்று எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகுதான் பயம் பிடித்தது.

நீங்கள் அன்றைக்கு அங்கே இல்லை என்று உறுதியாகச் சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம். நானும் மறந்துவிட்டால், அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் நடந்தது அநியாயம் என்று சொல்லக்கூட ஆள் இருக்காது. இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

நூருன்னிஸா